அப்பாவும் ஒன்பது கிலோமீட்டர் சுவரும்: நுமான்சியா நாட்குறிப்பு

முதல் நாள், வெள்ளிக்கிழமை

“அந்த நுமான்சியாவுல என்னலே இருக்கு?” என்று கேட்டார் அப்பா.

“ஒண்ணும் இல்லப்பா. அஸ்திவாரம் மட்டும்தான் மிச்சம்.”

“அப்ப போவோம்.”

பொதுப்பணித்துறையில் 34 வருஷம் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷர். மாட்ரிட்டில் என்னோடு தங்க வந்து ஒரு மாசம் ஆகிறது. அரண்மனையைக் கூட்டிப்போய்க் காட்டினேன், “பராமரிப்பு நல்லா இருக்கு” என்றார். ஓவியக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன், முதல் அறையிலேயே உட்கார இடம் தேடினார். அஸ்திவாரம் என்ற வார்த்தையைக் கேட்டதும்தான் முகம் தெளிந்தது. அக்டோபர் கடைசி, குளிர் தொடங்கிவிட்டது, மங்கி குல்லா எடுத்துக்கொண்டாயிற்று.

சமார்டின் நிலையத்திலிருந்து, நுமான்சியாவுக்குப் பக்கத்து ஊரான சோரியாவுக்கு ரயில் மூன்று மணி நேரம். பாதி வழி தாண்டியதும் ஊர்கள் அருகிப்போய், அறுத்த கதிர்த்தாள் வயலும் செம்மண் மேடுமாக வந்துகொண்டே இருக்கிறது, ஆள் என்று ஒருத்தரைக் காணோம். ஸ்பெயினிலேயே ஜனம் மிகக் குறைந்த மாகாணங்களில் சோரியா ஒன்று. அப்பா ஜன்னலை விட்டுக் கண்ணெடுக்காமல் “இவ்வளவு நெலம் கெடக்கு, ஆளக் காணோமே” என்று இரண்டு மூன்று தடவை சொன்னார்.

கதையை ரயிலிலேயே ஆரம்பித்துவிட்டேன். கெல்ட் என்றால் நமக்கு அயர்லாந்தும் ஸ்காட்லாந்தும்தான் ஞாபகம் வரும். ஸ்பெயினின் இந்த மேட்டுநிலத்திலும் கெல்டிக் மொழி பேசிய மக்கள் இருந்தார்கள். கெல்டிபேரியர் என்று கிரேக்கரும் ரோமானியரும் எழுதி வைத்தார்கள். எழுத்தைப் பக்கத்து இபேரியரிடம் கடன் வாங்கினாலும் மொழி அவர்களுடையது. அவர்களில் ஒரு கூட்டம் அரேவாசிகள், அவர்களுடைய மதில் சூழ்ந்த ஊர் நுமான்சியா. கி.மு. 133இல் ரோமிடம் விழுந்தது. அதற்கு முன்னால் இருபது வருஷம், தளபதி மாற்றி தளபதி வந்தும் விழவில்லை.

சண்டை ஆரம்பித்தது நுமான்சியாவில் இல்லை, செகேடா என்ற வேறொரு கெல்டிபேரிய ஊரில். கி.மு. 154இல் அந்த ஊர்க்காரர்கள் சுற்றியிருந்த சின்ன ஊர்களையும் சேர்த்துக்கொண்டு மதிலை 40 ஸ்டேடியா சுற்றளவுக்கு, அதாவது ஏழு கிலோமீட்டருக்கு மேல், பெரிதாக்கத் தொடங்கினார்கள். கட்டாதே என்று ரோம் உத்தரவு போட்டது. பழைய ஒப்பந்தத்தில் புது ஊர் கட்டக்கூடாது என்றுதான் இருக்கிறது, இருக்கிற ஊருக்கு மதில் கட்டக்கூடாது என்று எங்கே இருக்கிறது என்று செகேடாக்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதிலுக்குப் படை வந்தது.

“அனுமதியில்லாத காம்பவுண்டுச் சுவரு கேஸு” என்றார் அப்பா. “நோட்டீஸ் குடுத்து, நேரா இடிக்க வந்துட்டான்.”

இதில் இன்னொரு வேடிக்கை. அதுவரை ரோமின் கான்சல்கள், அதாவது வருஷா வருஷம் மாறும் தலைமை ஆட்சியாளர்கள், மார்ச் 15ஆம் தேதிதான் பதவியேற்பார்கள். மார்ச் வரை காத்திருந்தால் ஸ்பெயினுக்குப் படை போய்ச்சேர நாளாகிவிடும் என்று கி.மு. 153இல் பதவியேற்பை ஜனவரி 1க்கு மாற்றினார்கள். அதற்கப்புறம் அது மாறவே இல்லை. நாம் டிசம்பர் 31 ராத்திரி முழித்துக் கிடப்பதற்கும் ஒரு சுவர்த் தகராறுக்கும் சம்பந்தம் உண்டு என்றதும் அப்பா ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். “நெசமாவா, இல்ல உன் இண்டர்நெட்ல போட்டதா?” நிஜம்தான்.

சோரியாவில் இறங்கியபோது சாயங்காலம். ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர், காற்று காதை அறுக்கிறது. துவேரோ ஆற்றங்கரையில் பாப்லர் மரங்கள் மஞ்சளாகி நிற்கின்றன. இந்த ஊரின் பிரசித்தம் டோர்ரெஸ்னோ, பன்றி வயிற்றுக் கொழுப்பை மொறுமொறுவென்று பொரித்துத் தருவார்கள், எந்தக் கடையில் நுழைந்தாலும் அந்த வாசனை. அப்பா வெள்ளிக்கிழமை முட்டைகூடத் தொடமாட்டார். கடைசியில் ரொட்டியும் சோரியாவின் இன்னொரு பிரசித்தமான இனிப்பு வெண்ணெயும் வாங்கிக் கொடுத்தேன். நாலு துண்டு சாப்பிட்டார். நான் அவருக்கு எதிரே உட்கார்ந்து டோர்ரெஸ்னோ சாப்பிட்டேன், மன்னிக்க.

இரண்டாம் நாள், சனிக்கிழமை

இன்று நுமான்சியா அருங்காட்சியகம். நுமான்சியா இருந்த மலையில் தோண்டி எடுத்ததில் பெரும்பகுதி இந்தக் கட்டடத்தில் இருக்கிறது. 1919இல் 13ஆம் அல்ஃபோன்சோ மன்னர் திறந்துவைத்தது. மலைக்குப் போவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அங்கே வெறும் கல்தான் தெரியும்.

என்னை நிறுத்தியது ஒரு ஊதுகொம்பு. களிமண்ணில் செய்தது. உலோகத்தில் வளைத்திருந்தால் ஆச்சரியமில்லை, மண்ணைக் குழாயாக்கி, அதை வட்டமாக வளைத்து, உடையாமல் சுட்டு எடுத்திருக்கிறார்கள். குயவர் வேலை தெரிந்தவர்கள் சொல்வார்கள், உள்ளே வெற்றிடம் விட்டு வளைத்த குழாய் காயும்போதே விரியும், சூளையில் பாதி போகும். கண்ணாடிக்கு வெளியே நின்று அதன் வாயைப் பார்க்கிறேன், விளிம்பு கொஞ்சம் சிதைந்திருக்கிறது. மதில் மேல் நின்று யாரோ இதை ஊதியிருக்கலாம், கல்யாணத்தில் ஊதியிருக்கலாம், தெரியாது.

அப்புறம் அந்த வண்ணப் பானைகள். இரண்டு வீரர்கள் ஒருவரையொருவர் எதிர்த்து நிற்கிற பானை ஒன்று, காளைகள் வரைந்த ஒன்று, குதிரையைப் பழக்குகிற மனிதன் ஒன்று. செத்து விழுந்த வீரன் மேல் கழுகு இறங்குகிற ஓவியமும் உண்டு. போரில் செத்தவனைக் கெல்டிபேரியர் எரிக்கவில்லை, பிணந்தின்னிக் கழுகுக்கு விட்டார்கள், அது அவனை வானத்துக்குக் கொண்டுபோகும் என்பது நம்பிக்கை என்று பழைய ஆசிரியர்கள் எழுதியது இந்தச் சட்டிப் படத்தோடு அப்படியே பொருந்துகிறது. நோய்வாய்ப்பட்டுச் செத்தவர்களுக்குத்தான் சிதை.

இடுகாட்டை 1990களில்தான் கண்டுபிடித்தார்கள், 150க்கும் மேற்பட்ட குழிகள். எரித்த எலும்பு, பக்கத்தில் வளைத்து மடக்கிய வாள். வேண்டுமென்றே மடக்கியது, ஆளோடு ஆயுதமும் சாகட்டும் என்று. எலும்புகளைச் சோதித்ததில் இறைச்சி குறைவாகவும் தாவர உணவு, கொட்டைகள் அதிகமாகவும் தின்றவர்கள் என்று தெரியவந்ததாம். அப்பாவுக்கு அது பிடித்தது. “வெள்ளிக்கிழம ஆளுவ” என்றார்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த அழகான பல வண்ணப் பானைகளெல்லாம் கி.மு. 133க்குப் பிறகு, அடுத்த நூற்றாண்டில் செய்யப்பட்டவை என்று ஆய்வாளர்கள் பலர் கணிக்கிறார்கள். அதாவது ஊர் தரைமட்டமான பிறகு திரும்ப வந்து குடியேறியவர்களின் கை. நான் இங்கே வருவதற்கு முன் படித்ததெல்லாம் கடைசி மனிதன் வரை தீக்குளித்துச் செத்தார்கள் என்ற வீரகாவியம். ஸ்பானிஷில் இன்றும் விட்டுக்கொடுக்காத பிடிவாதத்துக்கு ‘நுமான்டீனோ’ என்று ஒரு பெயரடையே இருக்கிறது, அரசியல்வாதிகள் வாய்க்கு வாய் சொல்கிறார்கள். அந்தக் காவியத்துக்கு இந்தப் பானைகள் கொஞ்சம் இடைஞ்சல்.

ராத்திரி தங்குமிடத்தில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. வரவேற்பில் சொன்னால் ஆள் வருகிறார் என்றார்கள், வரவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம், தூக்கம் வராததால் மன்கினுஸ் கதையைச் சொன்னேன். இந்தப் பயணத்திலேயே அப்பாவை அசைத்த கதை அதுதான்.

கி.மு. 137. கயுஸ் ஹோஸ்டிலியஸ் மன்கினுஸ் என்ற கான்சல், நுமான்சியாவிடம் பல தடவை அடிவாங்கியவர், ராத்திரியோடு ராத்திரியாகப் பாசறையைக் காலி செய்துவிட்டு ஓடுகிறார். நுமான்சியாக்காரர்கள் துரத்திப்போய் மடக்குகிறார்கள். உள்ளே 20,000 ரோமானியர். அத்தனை பேரையும் வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை, சமாதானம் பேசலாம் என்றார்கள், ஆனால் கான்சல் பேச்சை நம்பமாட்டோம், டைபீரியஸ் கிராக்கஸ் பேசினால் கேட்போம் என்றார்கள். கிராக்கஸ் அப்போது படையின் கணக்கதிகாரி, இளைஞர், அவருடைய அப்பா முன்பு இதே நாட்டில் நியாயமான ஒப்பந்தம் போட்டவர். சமமான நிபந்தனைகளோடு ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. 20,000 பேரும் உயிரோடு வெளியே வருகிறார்கள்.

பாசறையிலிருந்த சாமான் எல்லாம் நுமான்சியாக்காரர்களுக்கு. அதில் கிராக்கஸின் கணக்குப் புத்தகங்களும் போய்விட்டன. கொஞ்ச தூரம் போன பிறகுதான் மனுஷருக்கு உறைக்கிறது. கணக்கு இல்லாமல் ரோமுக்குப் போனால் எதிரிகள் சும்மா விடுவார்களா, பணத்தைத் தின்றுவிட்டான் என்பார்கள். மூன்று நான்கு நண்பர்களோடு திரும்பிப் போய் ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டு, என் கணக்கைக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்கிறார்.

அப்பா கம்பளியை விலக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “எம் புக்கா?”

ஓவர்சியர்களுக்கு எம் புக் என்றால் அளவுப் புத்தகம். எத்தனை அடி தோண்டினோம், எத்தனை கன மீட்டர் கட்டினோம் என்று பக்கம் பக்கமாக எழுதிக் கையெழுத்துப் போட்டது, ஒரு பக்கம் கிழிந்தால்கூட வேலைக்கு ஆபத்து. அப்பா 1987இல் ஒரு தடவை பஸ்ஸில் எம் புக்கை விட்டுவிட்டு, அந்த பஸ்ஸைத் துரத்தி டெப்போ வரை ராத்திரி சைக்கிளில் போன கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

“குடுத்தானுவளா?”

“கொடுத்தாங்கப்பா. உள்ள கூப்பிட்டு, கையப் பிடிச்சு, எங்கள எதிரியா நினைக்காதீங்கன்னு சொல்லி, மேசை போட்டு சாப்பாடும் வச்சாங்க. புத்தகத்தக் கொடுத்துட்டு, வேற என்ன வேணும்னாலும் எடுத்துக்கோங்கன்னாங்க. அவர் சாமிக்குப் போடற சாம்பிராணிய மட்டும் எடுத்துக்கிட்டாராம்.” இதைச் சொல்வது பழைய கிரேக்க ஆசிரியர் புளூட்டார்க்.

அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “சரி, பெறகு என்னாச்சு?” என்றார்.

பிறகு ரோமின் செனட் ஒப்பந்தம் செல்லாது என்றது. 20,000 உயிர் மிச்சமானது மட்டும் செல்லும். கணக்கை நேர்செய்ய மன்கினுஸை மட்டும் துணியில்லாமல், கையைப் பின்னால் கட்டி, நுமான்சியா வாசலில் கொண்டுவந்து விட்டார்கள்: இவன் போட்ட ஒப்பந்தம், இவனையே வைத்துக்கொள்ளுங்கள். நுமான்சியாக்காரர்கள் கதவைத் திறக்கவில்லை. ஒரு ராஜ்யத்தின் வாக்குக்கு ஒரு ஆளின் ரத்தம் ஈடாகாது என்பது அவர்கள் கணக்கு. மன்கினுஸ் அன்று முழுக்க வெளியே நின்றார், சாயங்காலம் ரோமானியர்களே அழைத்துப்போனார்கள். பின்னாளில் அவர் தனக்கு ஒரு சிலை வைத்துக்கொண்டாராம், அதே அம்மணக் கோலத்தில். ரோமானிய ஆசிரியர் பிளினி எழுதியிருக்கிறார். வெட்கமா பெருமையா, எனக்குப் பிடிபடவில்லை.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை

சோரியாவிலிருந்து கர்ராய் என்ற கிராமம் ஏழு கிலோமீட்டர். அதன் தலைமேல் நிற்கிற மேட்டில்தான் நுமான்சியா. டாக்சி ஓட்டுநருக்கு நாங்கள் எங்கே போகிறோம் என்றதும் உற்சாகம், ஆனால் அவர் பேசியது முழுக்கக் கால்பந்து. சோரியாவின் அணிக்குப் பெயரே நுமான்சியா, 2008 ஆகஸ்ட் 31 அன்று பார்சிலோனாவை 1-0 என்று ஜெயித்தார்கள், அதுதான் கார்டியோலா பார்சிலோனாவின் பயிற்சியாளராக நின்ற முதல் லீக் ஆட்டம். நுமான்சியாவைக் கடைசியில் வீழ்த்திய ரோமானியத் தளபதி ஸ்கிப்பியோவைப் பற்றிக் கேட்டேன், கையை உதறினார்.

மேலே ஏறினால் முதலில் கண்ணில் படுவது ஒரு கல்தூண். 1905இல் அல்ஃபோன்சோ மன்னர் திறந்துவைத்தது. அதே வருஷம்தான் அடோல்ஃப் ஷுல்டன் என்ற ஜெர்மானியர் இங்கே தோண்டத் தொடங்கினார். இந்த மேடுதான் நுமான்சியா என்பதை அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே எதுவார்தோ சாவேத்ரா என்ற ஸ்பானியர் காட்டிவிட்டார், தொழிலில் அவர் இன்ஜினியர். இதை அப்பாவிடம் அழுத்திச் சொன்னேன். “பின்னே?” என்றார்.

அதற்கப்புறம் இரண்டரை மணி நேரம் நான் வழிகாட்டி இல்லை, அவர்தான். தெருக்கள் பெரும்பாலும் கிழக்கு மேற்காகப் போகின்றன, வடக்கிலிருந்து வரும் சியெர்சோ காற்று நேரே உள்ளே பாயாமல் இருக்க. தெருவைக் கடக்க நடுவில் உயரமான கற்கள் போட்டிருக்கிறார்கள், மழையில் சேறும் சாணியும் ஓடும்போது கால் நனையாமல் தாண்டுவதற்கு. நாம் பார்ப்பதில் பெரும்பகுதி பின்னால் ரோமானியர் காலத்தில் எழுந்த ஊரின் அஸ்திவாரம், அதற்கடியில் பழைய கெல்டிபேரிய ஊர். ஷுல்டன் தோண்டியபோது சிவப்பாக வெந்த மண்ணும் சாம்பலுமாக ஒரு அடுக்கு வந்ததாம். பச்சைச் செங்கல் சுவர் தீயில் வெந்தால் அப்படித்தான் ஆகும்.

அப்பா ஒரு சுவர் மூலையில் குந்தி உட்கார்ந்து கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். “சாந்தே இல்ல, பாத்தியா. மண்ணு மட்டும். சில்லுக்கல்ல சொருகி இறுக்கியிருக்கான். கொத்தனாரு கை சுத்தம்.” தடுப்புக் கயிறுக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு மூலையையும் தொடப் போனார், இழுத்துப் பிடிக்க வேண்டியதாயிற்று.

கெல்டிபேரிய வீடு ஒன்றைத் திரும்பக் கட்டிவைத்திருக்கிறார்கள். கீழே கல், மேலே மண் சுவர், கூரைக்கு வைக்கோல். நீளவாக்கில் மூன்று அறை. முன்னறையில் தரையில் ஒரு பலகை மூடி, அதைத் தூக்கினால் நிலவறை, தானியமும் பண்டமும் குளிர்ச்சியாக வைக்க. நடு அறையில் அடுப்பு, அதைச் சுற்றித்தான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். பின்னறை சாமான் அறை. ஒரு ஓரத்தில் திருகை. சந்தேகமே இல்லாத திருகை, மேல்கல், கீழ்கல், நடுவில் குழி. அப்பா அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்கச் சொன்னார், இந்தப் பயணத்தில் அவராகக் கேட்ட ஒரே போட்டோ அது. அம்மாவுக்கு அனுப்ப.

மேட்டின் விளிம்புக்கு வந்தால் சுற்றிலும் தெரிகிறது. கீழே துவேரோ, வந்து சேருகிற சிற்றாறுகள், எதிரே வட்டமாகக் குன்றுகள். அந்தக் குன்றுகளில்தான் ஸ்கிப்பியோவின் பாசறைகள். ஸ்கிப்பியோ எமிலியானுஸ், கி.மு. 146இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரை எரித்தவர். வேறு வழியில்லாமல் கி.மு. 134க்கு இரண்டாம் தடவை கான்சலாக்கி அனுப்பினார்கள். வந்ததும் பாசறையிலிருந்த வியாபாரிகள், குறி சொல்கிறவர்கள், 2,000 விலைமாதர் எல்லோரையும் விரட்டினார். சிப்பாய்க்கு இறைச்சி வாட்ட ஒரு கம்பி, ஒரு செம்புச் சட்டி, ஒரு குவளை, அவ்வளவுதான். கட்டில் கிடையாது, அவரும் வைக்கோலில் படுத்தார். பழக்குவதற்காகத் தினம் குழி தோண்டி, தோண்டியதை மூடி, சுவர் கட்டி, கட்டியதை இடிக்கவைத்தார்.

“நம்ம ஊரு ரோடு வேல” என்றார் அப்பா.

அப்புறம்தான் நிஜச் சுவர். நுமான்சியாக்காரர்கள் வெளியே வந்து, வா சண்டைக்கு என்று அணிவகுத்து நிற்கிறார்கள். ஸ்கிப்பியோ வரவே மாட்டேன் என்கிறார். வெளியே நின்று போருக்கு அழைக்கிற ஊரைச் சுற்றிச் சுவர் எழுப்பிய முதல் தளபதி இவராகத்தான் இருக்கும் என்று பழைய வரலாற்றாசிரியர் அப்பியான் எழுதுகிறார். கோட்டையை வளைப்பவனுக்கு உழிஞை, உள்ளிருந்து காப்பவனுக்கு நொச்சி என்று நாம் பூ பிரித்து வைத்திருக்கிறோம், இந்த ஆள் எந்தப் பூவையும் சூடாமல் சுவர் கட்டுகிறார். முதலில் வக்கேயர் என்ற பக்கத்து மக்களின் நிலத்துக்குப் போய், நுமான்சியாவுக்குத் தானியம் வருகிற வயல்களை அறுத்து மிச்சத்தைக் கொளுத்தினார். திரும்பி வந்து ஊரைச் சுற்றி ஏழு கோட்டைகள், அகழி, முள்வேலி, அதற்குப் பின்னால் இன்னொரு அகழி, சுவர். அப்பியான் தரும் அளவுகளைப் போனில் பார்த்துப் படித்தேன். சுற்றளவு 48 ஸ்டேடியா, அகலம் 8 அடி, உயரம் 10 அடி, நூறு அடிக்கு ஒரு கோபுரம். படை மொத்தம் 60,000.

அப்பா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். டாக்சி ரசீதின் பின்பக்கம்.

“ஒம்போது கிலோமீட்டர்னு வச்சுக்க. அகலம் ரெண்டே முக்காலே… இல்ல, ரெண்டு புள்ளி நாலு. உசரம் மூணு. அறுபத்தஞ்சாயிரம் கியூபிக் மீட்டர் கட்டு. ஆளு எத்தனன்ன?”

“அறுபதாயிரம்.”

பேனா நின்றது. “ஆளுக்கு ஒரு கியூபிக் மீட்டரு.”

எனக்கு உடனே விளங்கவில்லை. அவரே சொன்னார். கருங்கல் கட்டில் ஒரு கொத்தனார், கூட சித்தாள் வைத்து, ஒரு நாளைக்குக் கட்டுகிற அளவு ஏறக்குறைய அதுதான். கல் எடுக்க, சுமக்க, அகழி வெட்ட, பாதிப் பேர் காவலுக்கு நிற்க என்று எல்லாம் சேர்த்தாலும் சில வாரங்கள். முந்நூறு கோபுரம் தனிக்கணக்கு, அதற்கும் மரம் வேண்டும், அதையும் எழுதினார். “இருவது வருசமா சண்ட போட்டுட்டு இருந்திருக்கான். எஸ்டிமேட் போட்டிருந்தா மொத மாசமே முடிஞ்சிருக்கும்.” சொல்லிவிட்டு ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அந்தக் குன்றுகளை அதற்கப்புறம் அவர் பார்க்கவில்லை.

சுவரைக் கட்ட முடியாத ஒரே இடம் ஆறு. நீச்சல்காரர்களும் சின்னப் படகுகளும் அதன் வழியாகத்தான் உணவும் சேதியும் கொண்டுவந்தார்கள். ஸ்கிப்பியோ இரு கரையிலும் கோபுரம் கட்டி, கயிற்றில் பெரிய மரக்கட்டைகளைப் பிணைத்து நீரில் விட்டார். கட்டை முழுக்கக் கத்தியும் ஈட்டிமுனையும். நீரோட்டம் அவற்றைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். மேலிருந்து பார்க்க துவேரோ இன்று சாதுவாகப் போகிறது, கரையில் நாணல்.

ஒரே ஒரு தடவை உடைத்தார்கள். ரெட்டோகெனஸ் என்பவர் ஐந்து நண்பர்கள், ஐந்து வேலையாட்களோடு மேகம் மூடிய ராத்திரியில் மடக்குப் பாலம் ஒன்றைச் சுவரில் சாய்த்து, காவலர்களைக் கொன்று, குதிரைகளையும் ஏற்றித் தாண்டிப் போனார். அரேவாசி ஊர் ஊராகப் போய்க் கெஞ்சினார். பயத்தில் எவரும் கேட்கவே மறுத்தார்கள், லூட்டியா என்ற ஊரின் இளைஞர்கள் மட்டும் வருகிறோம் என்றார்கள். அந்த ஊர்ப் பெரியவர்களே ஸ்கிப்பியோவுக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள். 300 ஸ்டேடியா, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், ஒரே ராத்திரியில் வந்து விடியற்காலையில் ஊரை வளைத்து 400 இளைஞர்களின் கைகளை வெட்டினார். மறுநாள் விடியலில் திரும்பப் பாசறையில் இருந்தார். இந்த இடத்தை நான் அப்பாவிடம் வேகமாகச் சொல்லிக் கடந்தேன்.

மிச்சம் பசி. தோலை வேகவைத்துத் தின்றார்கள், அப்புறம் செத்தவர்களை, அப்புறம் பலவீனமானவர்களை. அவாருஸ் என்பவர் தலைமையில் தூது போய், ஊரை அப்படியே ஒப்படை என்ற பதிலோடு திரும்பினார்கள், ஊர்க்காரர்கள் அவர்களையே கொன்றுவிட்டார்கள். கி.மு. 133 கோடையில் சரணடைய ஒத்துக்கொண்டபோது ஒரு நாள் அவகாசம் கேட்டார்கள், சாக விரும்புகிறவர்கள் சாகட்டும் என்று. மிச்சமிருந்தவர்கள் வெளியே வந்தார்கள், நீண்ட நகம், சடை முடி, நாற்றம், கண்ணில் மட்டும் கோபம். ஐம்பது பேரை வெற்றி ஊர்வலத்துக்கு எடுத்துக்கொண்டு மற்றவர்களை அடிமைகளாக விற்றார் ஸ்கிப்பியோ. ஊரை இடித்தார். இது அப்பியான் சொல்வது. ஃப்ளோரஸ் என்ற இன்னொருவர், சங்கிலியில் கொண்டுபோக ஒரு ஆள்கூட மிஞ்சவில்லை என்கிறார். காவியம் பிடித்துக்கொண்டது ஃப்ளோரஸை. நான் அப்பியான் பக்கம், அந்த நகமும் நாற்றமும் கற்பனையில் வருகிற விவரம் மாதிரி இல்லை.

எப்படியோ, நுமான்சியாவில் கொள்ளை என்று சொல்லும்படி ஒன்றும் கிடைக்கவில்லை. சிப்பாய்களுக்குத் தலைக்கு ஏழு தினாரியஸ் வெள்ளிக்காசுதான் கிடைத்தது.

நான்காம் நாள், திங்கள்

ரயிலுக்கு முன்னால் கொஞ்சம் நேரம் இருந்ததால் அதே டாக்சியில் ரெனியேப்லாஸ் போனோம். இங்கே ஒன்றன்மேல் ஒன்றாக ரோமானியப் பாசறைகள், அதில் ஒன்று நோபிலியோருடையது என்கிறார்கள், செகேடாவை இடிக்க வந்த அதே கான்சல். கல் வரிசைகள் புல்லுக்குள் கிடக்கின்றன, ஆடு மேய்கிறது.

நோபிலியோருக்கு வட ஆப்பிரிக்காவின் நுமிடிய அரசன் மசினிசா பத்து யானை அனுப்பினான். நுமான்சியாக்காரர்கள் யானையைப் பார்த்ததே இல்லை, பயந்து ஊருக்குள் ஓடினார்கள். மதில் வரை துரத்திக்கொண்டு போனபோது மேலிருந்து ஒரு பெரிய கல் ஒரு யானையின் தலையில் விழுந்தது. அது மிரண்டு திரும்ப, மற்றவையும் மிரள, ரோமானியர்களையே மிதித்துக்கொண்டு ஓடின. அந்தக் குளிர்காலத்தை இந்தப் பாசறையில் கழித்தார்கள், விறகு பொறுக்கப் போனவர்களில் பலர் பனியில் செத்தார்கள். ஹீட்டர் இல்லாத அறையில் இரண்டு ராத்திரி படுத்தவன் என்ற முறையில் எனக்கு லேசாக அனுதாபம் வந்தது.

திரும்பும் ரயிலில் அப்பா வெண்ணெய் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார் என்று நினைத்தேன். சிகுவென்சா தாண்டும்போது கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“ஏலே, அந்தப் பாலம் போட்டுத் தாண்டுனவன் பேரு என்ன சொன்ன?”

“ரெட்டோகெனஸ்.”

“தூது போயி செத்தவன்?”

“அவாருஸ்.”

“எம் புக்கத் திருப்பிக் குடுத்தானுவல்லா. அவன் பேரு?”

தேடிப் பார்த்தேன். ஊர்ப் பெரியவர்கள் என்றுதான் இருக்கிறது.